எடை நின்றதென்று சொன்ன சீட்டு

இருபத்தாறு வருஷம் ஒரே ஆய்வுக்கூட அறையில் வேலை பார்த்தவளுக்கு அந்த அறை கொடுத்த பட்டப்பெயர் தராசு. சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. மாதக் கடைசியில் ஒருநாள் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்களே தவிர, அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. காய்கறிக் கடையில் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "அண்ணே, நாப்பது கிராம் குறையுதே" என்பாள். கடைக்காரர் திரும்ப நிறுத்துப் பார்ப்பார். முப்பத்தெட்டு குறையும். "நீங்க அடுத்த தெருவுல வாங்குங்கம்மா, எனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிடுவார்.

அவள் படித்தது பள்ளிக்கூடம் வரைதான். கண்ணாடிக் குடுவை கழுவுகிறவளாக உள்ளே வந்தாள். கழுவிய குடுவை நிஜமாகவே காய்ந்ததா என்று நிறுத்துப் பார்க்கிற பைத்தியக்காரத்தனம் அவளுக்கு இருந்ததால் தராசு மேசைக்கு மாற்றினார்கள். அங்கேயே நரை தட்டியது. புருஷன் போன பிறகும், அம்மா போன பிறகும், காலை எட்டு மணிக்கு அந்த மேசையின் கண்ணாடிக் கதவைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நாலாவது தசம இடத்தில் நடுங்கும் எண் அடங்குகிறதா என்று பார்ப்பதில் அவளுடைய நாள் தொடங்கும்.

பக்கத்து அறையில் உலை. அதைப் பார்த்துக்கொண்டவன் அவசரம்.

இந்தப் பெயரை வைத்தது அவள்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கொதிக்கிற டீயை இரண்டே மடக்கில் விழுங்கிவிட்டு எழுந்தவனைப் பார்த்து, "ஏன்டா அவசரம், டீ எங்கயாவது ஓடிப் போயிடுமா?" என்றாள். "டீ ஓடாதுக்கா. பஸ்ஸு ஓடிடும்" என்றான் அவன். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். பதினோரு வருஷம் அந்தப் பெயரோடு இருந்தான். நடை வேகம், பேச்சு வேகம், கல்யாணம்கூடப் பெண் பார்த்த பதினேழாம் நாள். ஆனால் உலை முன்னால் நின்றானென்றால் அவன் வேறு ஆள். குமிழைத் திருப்பும்போது குழந்தையின் காது மடலைத் தொடுகிற மாதிரித் தொடுவான். அந்த அறைக்குள் அவன் வேகமாகச் செய்த ஒரே காரியம், மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பது.

அங்கே செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

வெள்ளைப் பொடி ஒன்று. முகத்துக்குப் போடும் பவுடர் போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு துகளும் ஒரு கட்டடம். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகள் கொண்ட கனிமக் கட்டடம். ஒவ்வொரு அறையும் ஒரு கூண்டு. கூண்டின் வாசல் மிகக் குறுகல். ஹைட்ரஜனைச் சுமந்துகொண்டிருக்கும் ஹைட்ரைடு என்ற சேர்மத்தை, கட்டடம் எழும்பும்போதே உள்ளே வைத்துக் கட்டிவிடுவார்கள். பிறகு அதனால் வெளியே வர முடியாது. வாசலைவிட அதன் உடம்பு பெரிது. வெளியில் கிடந்தால் இந்த ஹைட்ரைடு ஈரத்தைக் கண்டாலே சீறும், ஹைட்ரஜனைக் கக்கும். கூண்டுக்குள் போட்டுவிட்டால் சாதுவாகக் கிடக்கும். வேண்டும்போது சூடாக்கி ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளலாம், வண்டி ஓட்டலாம், விளக்கு எரிக்கலாம் என்பது கம்பெனியின் கனவு.

கனவில் ஒரு சிக்கல். அந்தக் கட்டடம் வளர்வது, ஹைட்ரைடைச் சீறவிடாத காரம் கலந்த தண்ணீருக்குள். அதனால் சில அறைகளில் ஹைட்ரைடு இருந்தால், ஒட்டினாற்போல் உள்ள அறைகளில் தண்ணீர் இருக்கும். குளிர்ந்திருக்கும்வரை இருவரும் முகம் பார்த்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர்கள். சூடு ஏற ஏறச் சுவர்கள் அதிரும், வாசல்கள் இளகும், தண்ணீர் அறைவிட்டு அறை நகரும். மெதுவாக, குறைந்த சூட்டில், பம்பு போட்டு இழுத்தால் தண்ணீர் யாரையும் தொடாமல் வெளியே போய்விடும். விரட்டினால், வெளியே போவதற்குள் ஹைட்ரைடு இருக்கிற அறைக்குள் நுழைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு அறையிலும் கைகலப்பு. ஹைட்ரஜன் மொத்தமாகப் பீறிட்டு வரும். இரண்டு முனையும் திறந்த குழாயில் அது வந்தால் ஊதிவிட்டுப் போகும். மூடிய பாத்திரத்தில் வந்தால், பாத்திரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான்.

இருபது மணி நேரம் உலர்த்த வேண்டும் என்பது ஏட்டில் இருந்த கணக்கு. தராசு ஏட்டை நம்புகிற ஜாதி இல்லை. "மழை நாளும் வெயில் நாளும் ஒண்ணா? கடிகாரத்துக்குப் பொடி காஞ்சது எப்படித் தெரியும்?" என்பாள். அவளே ஒரு முறையைக் கொண்டுவந்தாள். கடைசிக் கட்டத்தில் மணிக்கொருமுறை நிறுப்பாள். மூன்று எடையும் ஒன்றையொன்று ஒட்டி வந்தால், தண்ணீர் போய்த் தீர்ந்தது. உடனே புட்டியின் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டுவாள். மேலே 'எடை நின்றது' என்று அச்சடித்திருக்கும், கீழே மூன்று கட்டங்களில் மூன்று எண்கள், அதன் கீழே அவள் கையெழுத்து. சீட்டு இல்லாத புட்டியை அவசரம் உலைக்குள் விடமாட்டான். பொடியை ஏற்றியதும் சீட்டை மடித்துத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொள்வான். இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தப் பொடியையும் இரண்டு புட்டியாகப் பிரிப்பாள். ஒன்று உலைக்கு, மற்றது அவள் பூட்டிவைக்கும், ஈரம் புகாத உலர்பெட்டிக்கு. அதற்குச் சாட்சிப் புட்டி என்று பெயர். "கல்யாண வீட்டுல பொண்ணோட தங்கச்சி மாதிரி, எப்பவும் ஒண்ண ஒதுக்கி வெச்சிடறீங்கக்கா" என்று அவசரம் கிண்டல் செய்வான்.

அவள் செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் சூடான மூடி பட்டு அவளுடைய வலது கட்டைவிரல் வெந்தது. ஆறிய பிறகும் விரல் மடங்கவில்லை. எண்களை எழுதிவிடுவாள், கையெழுத்துதான் இழுக்கும். ஒன்றைப் போட்டு முடிக்க விரல் நாலு தரம் நிற்கும். அதனால் கை கொஞ்சம் இளகியிருக்கும் திங்கட்கிழமை காலையில், அந்த வாரத்துக்கு வேண்டிய சீட்டுகளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு இழுப்பறையில் வைத்துக்கொள்வாள். எண்களை அன்றன்று நிரப்புவாள். இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் எதுவும் சொன்னதில்லை.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, பணம் போடக்கூடியவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. திறந்த குழாயில் செய்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூடிய எஃகுப் பாத்திரத்தில் செய்தால் அழுத்தமானியின் முள் ஏறுவது தெரியும். "முள்ளு ஏறணும். அதப் பாத்தாதான் அவங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றார் டாக்டர். அவர் வைத்தியர் அல்ல, ஆராய்ச்சித் தலைவர். பெயருக்கு முன்னால் அந்த எழுத்து இல்லாமல் தன் வீட்டுக் கதவில்கூடப் பலகை மாட்டமாட்டார். பொடி புதன்கிழமை சாயங்காலம்தான் அவள் கைக்கு வந்தது.

வியாழன் காலை எட்டரைக்கு நிறுத்தாள். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"சார், இது காயல."

"எவ்வளவு இறங்குது?"

"நின்னாத்தானே சார் எவ்வளவுன்னு சொல்ல முடியும்? இறங்கிட்டே இருக்கு. சாயங்காலம் ஆகும்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, உள்ளயே இருக்கட்டும். வர்றவங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீங்க கிடங்குக்குப் போய்ப் பம்பு எண்ணெய் வாங்கிட்டு வாங்க. பம்பு கத்துது."

பம்பு கத்தவில்லை. ஆனாலும் போனாள். சொன்னால் போய் இருபத்தாறு வருஷம் பழகிய கால். கிடங்கு வளாகத்தின் மறுகோடியில் இருந்தது; அங்கே ஆளில்லை, ஆள் வந்தபோது சாவியில்லை. எண்ணெய் டப்பாவோடு அவள் திரும்பி வந்துகொண்டிருந்தபோது மணி பதினொன்று இருபது. சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. பெரிய இரும்புக் கதவை யாரோ ஒருதரம் ஓங்கிச் சாத்தின மாதிரி.

பாத்திரத்தின் மூடி அவசரத்தின் நெஞ்சில் பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்ததால் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. முள் ஏறுவதை அவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

சத்தத்தோடு கட்டடத்தில் மின்சாரமும் போயிருந்தது. கூட்டம் உலை அறைக்குள் ஓடியபோது அவள் தன் அறைக்கு ஓடினாள். உலர்த்தும் அடுப்பில் ஒரு புட்டிதான் இருந்தது. இரண்டு வைத்திருந்தாள். கை அதுபாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது. அந்த ஒன்றை எடுத்து மூடி, வாயை மெழுகால் அடைத்து, உலர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது. மனசு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது: நான் சீட்டுக் கட்டவில்லை. சீட்டில்லாமல் எடுத்துவிட்டான். கடைசியில் ஒருநாள் அவசரப்பட்டுவிட்டான்.

ஒன்பது நாள் அவள் அப்படித்தான் நம்பினாள். இதை அவள் தன்னையே மன்னிக்காத குரலில்தான் எப்போதும் சொல்வாள்.

பத்தாம் நாள் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். டாக்டரும் இருந்தார். மேசைமேல் அச்சடித்த ஒரு பக்கம்.

"உக்காருங்கம்மா. ரொம்ப வருத்தமான விஷயம். என்ன பண்றது, அவர் நேரம் அப்படி" என்றார் மேலாளர்.

"நேரம் எப்படி சார்?"

"விதிம்மா. நம்ம கையில என்ன இருக்கு?"

இந்த விதி இருக்கிறதே, அது மேலதிகாரிகளின் அறைப்பக்கம் ஒருநாளும் எட்டிப்பார்ப்பதில்லை. உலை அறைக்கும் சாக்கடைக் குழிக்கும் சாரத்துக்கும் மட்டும் தினமும் தவறாமல் வேலைக்கு வருகிறது. எஃகு எத்தனை அழுத்தத்தில் கிழியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கணக்கு இருக்கிற இடத்தில் விதியைக் கொண்டுவருகிறவன் எதையோ மறைக்கிறான்.

அவள் காகிதத்தை எடுத்துப் படித்தாள். 'மேற்படி உலை இயக்குநர் இயல்பிலேயே அவசரக்காரர். சக ஊழியர்கள் அவரை அவசரம் என்றே அழைத்து வந்தனர். சம்பவத்தன்று உலர்த்துதல் முடிவதற்கு முன்பே பொடியை எடுத்து உலையில் ஏற்றியதால் விபத்து நேர்ந்தது.' கீழே, சாட்சி என்று போட்டு ஒரு கோடு.

"அந்தப் பேர வெச்சதே நீங்கதானாமே" என்றார் மேலாளர், பாராட்டுகிற மாதிரி.

"அது டீக்கு வெச்ச பேரு சார்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குப் போட்டுத் தர்றேன். விரல் மடங்கல" என்று சொல்லிக் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவசரத்தின் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடி, ஒரு பெரிய அறையும் ஒரு சின்ன அறையும். கொடியில் அவன் சட்டை ஒன்று இன்னும் தொங்கியது. அவன் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய், ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"கம்பெனியிலேருந்து ஆள் வந்து கேட்டுட்டுப் போனாங்கக்கா. ஆஸ்பத்திரியில குடுத்த அவரோட மேலங்கியத் திருப்பித் தரணுமாம். கம்பெனிப் பொருளாம். வர்றப்ப எடுத்துட்டு வாங்கன்னு சொன்னாங்க. எனக்கு அங்க வரப் பிடிக்கல. நீங்களே கொண்டு போயிடுங்க."

"குடும்மா."

"அவங்க எதையோ எழுதறாங்களாமே. இவருதான் அவசரப்பட்டாருன்னு." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "காசு கீசு குடுக்கலேன்னா போகட்டும். பள்ளிக்கூடத்துல எம் பொண்ணுகிட்ட ஒருத்தி கேட்டிருக்கா, உங்கப்பா அவசரப்பட்டுச் செத்துட்டாராமேன்னு. அவ என்கிட்ட வந்து கேக்கறா, அப்போ அப்பாவுக்கு நாம வேணாமாம்மான்னு. நான் என்னன்னு சொல்ல? நீங்க பக்கத்து அறையிலதானே இருந்தீங்க. சொல்லுங்க, அவரு அப்படித்தானா?"

தராசும் அதைத்தானே ஒன்பது நாளாக நம்பினாள். பேச்சை மாற்ற ஒரு வேலை வேண்டியிருந்தது. மேலங்கியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ரத்தம் காய்ந்து மொடமொடத்துப் போன துணி. மடிக்கும்போது இடதுபுறப் பைக்குள் ஏதோ நெருடியது.

சீட்டு. எப்போதும்போல் நாலாக மடித்தது.

பிரித்தாள். 'எடை நின்றது.' கீழே அவள் கையெழுத்து, அவளுடையதேதான், கட்டைவிரல் நின்று நின்று போன கோணல்களோடு. நடுவில் மூன்று எண்கள். அவை அவள் எழுதியவை அல்ல. ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடு போடுகிறவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். அதைவிட, மூன்று எண்களும் ஒன்றேபோல் இருந்தன. நிஜமான எடை ஒருநாளும் அவ்வளவு ஒழுக்கமாக இராது. கடைசி இலக்கம் ஒன்றோ இரண்டோ ஆடத்தான் செய்யும். ஆடாத எண்ணைத் தராசு தராது, மனிதன்தான் தருவான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா? தண்ணி தரட்டா?"

"அவன் அவசரப்படலம்மா" என்றாள் தராசு. "சீட்டு வர்றவரைக்கும் காத்திருந்திருக்கான். சீட்டப் பாத்துட்டுத்தான் ஏத்தியிருக்கான்."

"எந்தச் சீட்டு?"

"சொல்றேன். முழுசாச் சொல்றேன். எனக்கு மூணு நாள் குடு."

மூன்றாம் நாள் விசாரணை கம்பெனிக் கட்டடத்தின் கூட்ட அறையிலேயே நடந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் ஓர் அம்மாள், வெளியிலிருந்து வந்தவர், கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு படிக்கிறவர். ஒரு பக்கம் மேலாளர், மறுபக்கம் டாக்டர். தராசு கையெழுத்துப் போடாத காகிதத்தை மேசைமேல் வைத்தாள். அதன்மேல் சீட்டை வைத்தாள்.

"இதுல இருக்கிற கையெழுத்து என்னோடது. எண் என்னோடதில்ல" என்று தொடங்கி, திங்கட்கிழமைக் கையெழுத்து, பூட்டில்லாத இழுப்பறை, எட்டரை மணி எடை, பம்பு எண்ணெய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

மேலாளர் இடையில் மறித்தார். "இருங்க இருங்க. நிறுக்காமலே கையெழுத்துப் போட்டு வெச்சீங்களா? இத நீங்களே வாயாலே சொல்றீங்களா? அப்படின்னா இந்த விபத்துக்கு..."

"என் பங்கு எவ்வளவோ அவ்வளவையும் எழுதிக்கங்க சார். ஒரு கிராம் குறைக்க வேணாம். ஆனா என்னோடத அவன் தலையில போடாதீங்க. அடுத்தவங்களோடத என் தலையிலயும் போடாதீங்க."

டாக்டர் அதுவரை பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க மேடம், அவங்க மனசு நொந்து போயிருக்காங்க. பொடி காஞ்சுதான் இருந்தது. உலையை அவர் கடகடன்னு ஏத்தினதுதான் காரணம். ரசாயனம் தெரியாதவங்களுக்கு இதை விளக்கறது கஷ்டம்."

"எனக்கும் ரசாயனம் தெரியாது" என்றார் ஆய்வாளர் அம்மாள். "எனக்கு விளங்கற மாதிரி யாராவது சொல்லுங்க."

"சொல்ல வேணாம்மா. காட்டறேன்" என்றாள் தராசு.

எல்லோரையும் தன் அறைக்கு அழைத்துப் போனாள். உலர்பெட்டியைத் திறந்து சாட்சிப் புட்டியை எடுத்தாள். மெழுகு கலையாமல் இருந்ததை ஆய்வாளர் அம்மாளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "இது அதோட கூடப்பொறந்தது. ரெண்டையும் ஒண்ணாத்தான் அடுப்புல வெச்சேன். அத முன்னாடியே எடுத்துட்டாங்க. இது கரண்டு போற வரைக்கும் உள்ளேயே இருந்தது. அப்போ எது அதிகம் காஞ்சிருக்கும்?"

"இதுதான்."

"இதுவே காயலேன்னா?"

ஆய்வாளர் அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"ஒண்ணு சொல்லிடறேம்மா. இத ஒரு தடவதான் செய்ய முடியும். மெழுக உடைச்சா மிச்சப் பொடி காத்துல ஈரம் குடிச்சிடும், சூடு பட்டது வேறயா மாறிடும். அப்புறம் பழையபடி ஆக்க யாராலயும் முடியாது. அதனால நல்லாப் பாத்துக்கங்க."

முதலில் ஆறு மாதத்துக்கு முன் முறைப்படி உலர்த்திய பழைய பொடியில் ஒரு சிட்டிகை எடுத்தாள். படகு வடிவச் சின்னப் பீங்கான் தட்டில் பரப்பி, கண்ணாடிக் குழாய்க்குள் தள்ளினாள். குழாயிலிருந்த காற்றை எதோடும் சேராத மந்த வாயுவால் விரட்டிவிட்டு, ஒரு முனையை அடைத்தாள். மறுமுனையிலிருந்து வந்த ரப்பர்க் குழாயைச் சோப்புத் தண்ணீருக்குள் விட்டாள். சூடு ஏறியது. உள்ளே இருந்த வாயு விரிந்ததில் நாலைந்து குமிழ். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. இருநூறு டிகிரி தாண்டியது, இருநூற்றைம்பது தாண்டியது. தண்ணீர் அசையவில்லை; காய்ந்த பொடி ஹைட்ரஜனைக் கொடுக்க ஐந்நூறுக்கு மேல் வேண்டும். ஆய்வாளர் அம்மாள் பொறுமையாக நின்றார். மேலாளர் இரண்டு தரம் கைபேசியைப் பார்த்தார்.

பிறகு சாட்சிப் புட்டி. அதே அளவு, அதே குழாய், அதே வேகத்தில் சூடு. நூற்றைம்பதிலேயே குழாயின் குளிர்ந்த பக்கத்தில் கண்ணாடி லேசாகப் பனித்தது. "தண்ணி" என்றாள் தராசு. இருநூற்று நாற்பதை நெருங்கும்போது ஒரு குமிழ் வந்தது. இன்னொன்று. பிறகு இரண்டிரண்டாக, பிறகு எண்ண முடியாமல். சோப்பு நுரை குவளையின் விளிம்பு வரை ஏறியது. ஒரு சிட்டிகைப் பொடிதான். எஃகுப் பாத்திரத்தில் அன்றைக்குப் போட்டது ஒரு கிண்ணம் நிறைய.

நுரையில் கொஞ்சம் கரண்டியில் அள்ளித் தள்ளி நின்று, நீளக் குச்சியில் நெருப்பைக் காட்டினாள். டப்பென்று வெடித்தது. ஆய்வாளர் அம்மாள் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"இவ்வளவுதாம்மா" என்றாள் தராசு. கரண்டியைக் கீழே வைத்தாள். "உலையக் கடகடன்னு ஏத்தினான்னு சார் சொல்றாரு. நான் இப்போ மெதுவாத்தான் ஏத்தினேன், நீங்களே பாத்தீங்க. தண்ணி உள்ள இருந்தா மெதுவா ஏத்தினாலும் இதுதான் நடக்கும். இந்தப் பொடிக்கு டாக்டரத் தெரியாது, மேலாளரத் தெரியாது. ஈரம் இருக்கா இல்லையா, அது மட்டும்தான் தெரியும்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "சீட்டுல அந்த எண்களை நான்தான் எழுதினேன்னு என்ன ஆதாரம்?" என்று ஜன்னலிடம் கேட்டார்.

"ஒரு ஏழு எழுதிக் காட்டுங்க சார்" என்றாள் அவள்.

அவர் எழுதவில்லை. எழுதச் சொல்லி வற்புறுத்தும் அதிகாரம் இந்த விசாரணைக்கு இல்லையென்று மேலாளர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் படித்துக் காட்டினார். அந்தப் புத்தகத்தில் அது நிஜமாகவே இருந்தது. இப்படிப்பட்ட வரிகள் எந்தப் புத்தகத்திலும் விட்டுப்போகாமல் இருக்கும்.

பதினைந்து நாள் கழித்து அறிக்கை வந்தது. 'உலை இயக்குநர் நடைமுறையைச் சரியாகப் பின்பற்றியுள்ளார். அவர்மீது தவறு ஏதும் இல்லை.' இது முதல் வரி. 'எடைச் சீட்டுகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டுப் பாதுகாப்பின்றி வைத்திருந்தது கடுமையான விதிமீறல். சம்பந்தப்பட்ட ஊழியர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.' இது இரண்டாவது. 'எண்களை நிரப்பியவர் யார் என்பது இவ்விசாரணையின் வரம்புக்கு அப்பாற்பட்டது; பாதிக்கப்பட்டோர் கோரினால் மேல்விசாரணை செய்யலாம்.' இது மூன்றாவது. டாக்டரைக் கம்பெனி வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு மாற்றியது. அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை என்று கேள்வி.

தராசு தன் மேசையை ஒழித்துக் கொடுத்தாள். எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். இழுப்பறையில் விபத்து நடந்த வாரத்தின் மிச்சச் சீட்டுகள் நாலு இருந்தன, கையெழுத்தோடு. அங்கேயே நின்று கிழித்தாள். விரல் மடங்காததால் அதற்கும் நேரமானது. கிளம்பும்போது பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். புது எஃகுப் பாத்திரம் வந்து அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

நேரே அவசரத்தின் வீட்டுக்குப் போய் இரண்டாவது மாடி ஏறினாள். அவன் மனைவி கதவருகிலேயே நின்று அறிக்கையின் நகலை வாங்கிப் படித்தாள். முதல் வரியை உதடு அசைய இரண்டு தரம் படித்தாள். அவள் முகம் இளகியது. இரண்டாவது வரிக்கு வந்ததும் உதடு நின்றுவிட்டது.

"சம்பந்தப்பட்ட ஊழியர்னா?"

"நான்தான்."

"அன்னைக்கு மேலங்கிப் பையில இருந்துச்சே, அதுல இருந்தது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா. எண்ண மட்டும்..."

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான்."

"அவரு அதத்தானே பாத்தாரு?" அவள் குரலை உயர்த்தவில்லை. "வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுத்தான். தராசக்கா நிறுத்தாங்கன்னா கண்ண மூடிட்டு ஏத்தலாம்பாரு. கண்ண மூடிட்டுத்தான் ஏத்தியிருக்காரு."

தராசு தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அந்தச் சொல் எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியும். இங்கே அது போதாது. முழுங்கிவிட்டாள்.

"நீங்க போங்க" என்றாள் அவன் மனைவி. கதவைச் சாத்தினாள்.

தராசு படியில் இறங்கினாள். முதல் மாடியைத் தாண்டவில்லை, மேலே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி குனிந்து நின்றாள், காகிதம் இன்னும் கையில்.

"இந்த மூணாவது வரி. நாங்க கோரினா மேல்விசாரணைன்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா. நீ எழுதிக் குடுக்கணும்."

"அது அந்தாளு எழுத்துன்னு யார் வந்து சொல்லுவாங்க?"

"நான் சொல்லுவேன்."

"வேலையவிட்டுத் தூக்கினப்புறமும் வருவீங்களா?"

"இனிமே எனக்கு வேற என்ன வேலை? வருவேன்."

மேலே அவள் காகிதத்தை நாலாக மடித்தாள்.

"அதுக்கு மட்டும் வாங்க" என்றாள். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.